பக்கத்தின் அடியில் இருந்த பெயர்

எனக்கு மன்னிக்கத் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாகற்காய் இறங்காது, எனக்கு இது இறங்காது, அவ்வளவுதான். வயதானால் சரியாகிவிடும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். வயதும் ஆகிவிட்டது. பூனாவில் ஒரு மனிதர் எனக்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. நான் அவருக்குத் திருப்பிச் செய்ததை நினைத்தால் வயிறு குளிர்கிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து நான் வந்து சேர்ந்த இடம் தேஹு ரோடு. கணவருக்கு அங்கே ராணுவத் தளவாடக் கிடங்கில் சிவிலியன் உத்தியோகம். எனக்கு விமான் நகரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்த சமயம். காலையில் லோக்கல் பிடித்துப் பூனா ஸ்டேஷன், அங்கிருந்து சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் யாருடைய மடியிலோ பாதி உட்கார்ந்து ஆபீஸ். ஜெர்மனியில் வாகன உதிரி பாகக் கிடங்குகள் வைத்திருந்த ஒரு கம்பெனியின் யூனிக்ஸ் இயந்திரங்களை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. அவர்கள் காலையில் வேலைக்கு வந்து உட்காரும்போது எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு சென்னைக்காரர். நான் சேர்ந்த அன்றைக்கு, “அட, நம்ம ஊர்ப் பொண்ணா, கவலையே படாதே, நான் இருக்கேன்” என்றார். ஆயிரத்தெட்டு இந்திக்கும் மராத்திக்கும் நடுவில் ஒரு தமிழ்க் குரல். நானும் நம்பினேன். அடுத்த நாள் ஒரு சந்தேகம் கேட்கப் போனேன். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, “மேன் பாத்தியா? மேன் பாக்காம எங்கிட்ட வராதேம்மா” என்றார்.

யூனிக்ஸ் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். அந்த இயந்திரங்களில் ‘மேன்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ஏதாவது ஒரு கட்டளையின் பெயரை அடித்தால் அந்தக் கட்டளைக்கான கையேட்டுப் பக்கம் திரையில் வந்து நிற்கும். எந்தக் கட்டளையாக இருந்தாலும் பக்கத்தின் அமைப்பு ஒன்றுதான். மேலே பெயர், பிறகு அதை எப்படி அடிப்பது, பிறகு விளக்கம், குறைகள், கடைசியில் ஆக்கியவர். புரியும்படி எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் பொய் எழுதியிருக்க மாட்டார்கள். முதல் மாதம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ரோஷம் வந்துவிட்டது. மடிப்பு மடிப்பாக வரும் பிரிண்டர் தாளில் பக்கங்களை அச்செடுத்துப் பையில் திணித்துக்கொண்டு ரயிலில் படிக்க ஆரம்பித்தேன். பெண்கள் பெட்டியில் பட்டாணி உரித்துக்கொண்டு வரும் மராட்டி அக்கா ஒருத்தி, “பரீட்சையா?” என்று தினமும் கேட்பாள். தினமும் ஆமாம் என்பேன்.

படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. அந்தப் பக்கங்களிலேயே அழகான இடம் குறைகள் என்ற பகுதிதான். இந்தக் கட்டளை இன்ன இடத்தில் சொதப்பும், இதை எனக்குச் சரிசெய்யத் தெரியவில்லை என்று செய்தவனே எழுதி வைத்துவிட்டு, அதற்குக் கீழே தன் பெயரையும் போட்டிருப்பான். புடவைக் கடையில் சாயம் போகும் என்று சொல்லி விற்கிறவனை நான் பார்த்ததில்லை. இந்த மனிதர்கள் சொன்னார்கள். குறையையும் சொல்லிப் பெயரையும் போடுகிற துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இன்னொன்றும் பிடிபட்டது. எங்கள் தலைவர் மேன் பார்ப்பதே இல்லை. ‘மேன் பாத்தியா’ என்று கேட்பதோடு அவருக்கும் கையேட்டுக்குமான உறவு முடிந்துவிட்டது. ஏதாவது சிக்கல் வந்தால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “நீ என்ன பண்ணுவேன்னு பாக்கறேன்” என்பார். நான் செய்து காட்டியதை அரை மணி நேரம் கழித்து மேலாளரிடம் போய்ச் சொல்வார். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன்.

ஜெர்மனிக் கிடங்குகளின் கணக்குகளை தினமும் டேப்பில் எடுத்துவைக்க வேண்டும், டிஸ்க் கெட்டுப்போனால் டேப்பிலிருந்து மீட்க வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்திலும் அது ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கருவி எழுதினேன். எழுதி முடித்ததும், முறைப்படி அதற்கொரு கையேட்டுப் பக்கமும் எழுதினேன். உண்மையைச் சொன்னால் கருவியைவிடப் பக்கத்துக்குத்தான் அதிகம் உழைத்தேன். ஒரு வரி எழுதுவேன், அந்த ஊர் ஆபரேட்டர் அவசரத்தில் படித்தால் புரியுமா என்று பார்ப்பேன், அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். குறைகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். கடைசியில் ஆக்கியவர் என்று போட்டு என் பெயரை எழுதினேன். அப்பா வைத்த முழுப் பெயர். சங்கோஜமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ‘மேன்’ என்று அடித்து நாலைந்து தடவை அந்தப் பக்கத்தை வரவழைத்துப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லா இயந்திரங்களிலும் அதை ஏற்றினேன். திங்கட்கிழமை திறந்து பார்த்தால் ஆக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. கூடவே பாணேரில் அவர் புதிதாக வாங்கியிருந்த ஃபிளாட்டின் டெலிபோன் நம்பரும். விசிட்டிங் கார்டில் போடுகிற நினைப்பு போலிருக்கிறது.

நேரே போய்க் கேட்டேன். “சார், கீழ எம் பேரு இருந்துச்சுங்க.”

“டீம்னு வந்தப்புறம் என்னம்மா உன் பேரு என் பேருன்னு? ஒரு சீனியர் பேரு இருந்தா கஸ்டமருக்கு ஒரு நம்பிக்கை. இதெல்லாம் பெருசா எடுத்துக்காதே.”

கஸ்டமருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியிலிருந்து பாராட்டி மெயில் வந்தது. கருவியைவிடக் கையேட்டுப் பக்கத்தைத்தான் அவர்கள் புகழ்ந்திருந்தார்கள். இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நேர்மையாக ஒரு பக்கத்தைப் பார்த்ததில்லை, எழுதியவருக்கு எங்கள் நன்றி என்று. மேலாளர் ஒரு மராட்டிக்காரர், நல்ல மனிதர், யூனிக்ஸ் தெரியாது. எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு மெயிலைச் சத்தமாகப் படித்துவிட்டு, “கிஸ்னே லிகா?”, யார் எழுதியது என்று கேட்டார்.

“மைனே லிகா, சார்” என்றார் எங்கள் தலைவர், ஒரு நொடிகூட யோசிக்காமல். பிறகு பெரிய மனசு பண்ணி என் பக்கம் கையை நீட்டி, “டைப்பிங் இன்ஹோனே கியா” என்றார்.

நான் எழுதினேன், டைப் அடித்தது இவர் என்று அர்த்தம். மேலாளர் என்னைப் பார்த்து, வெரி குட் டைப்பிங் என்று தலையாட்டினார். குழுவில் இருந்த மற்ற இருவருக்கும் உண்மை தெரியும். இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்ததை பயோடேட்டாவில் போட்டிருந்தேன். அதை எங்கிருந்து எடுத்திருக்கிறார் பாருங்கள். பெயரை எடுத்ததுகூடத் திருட்டு, திருட்டோடு போயிற்று. இது வேறு. பேச வாய் வரவில்லை. அந்த நிமிஷம்தான் இந்த மனிதரைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கணவர் சமாதானத்துக்காரர். “உடு கண்ணு, உஞ் சம்பளம் உனக்கு வருதல்ல” என்றார்.

“ஏனுங்க, உங்க பேர இன்னொருத்தன் போட்டுக்கிட்டா உட்டுருவீங்களா?”

“எம் பேர வெச்சுட்டு அவன் என்னத்தப் பண்ணுவான்?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மனசு இறங்கவில்லை. அவரும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த டெலிபோன் நம்பரே செய்தது. கையேட்டில் ஆக்கியவரின் நம்பர் இருந்தால் சிக்கலின்போது அவரைக் கூப்பிடத்தானே வேண்டும் என்று ஜெர்மன் ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் அவர்கள் கிடங்குக்குத் தெரியாது. பாணேர் வீட்டில் அவர் மனைவிதான் முதலில் போனை எடுப்பாராம். வெள்ளைக்காரன் யாரோ டேப்பு டேப்பு என்கிறான், இதற்காகவா வீட்டு நம்பரைக் கொடுத்தீர்கள் என்று அந்த அம்மா அவரை வறுத்தெடுத்தாராம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார். அப்புறம் சொல்வதையே நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. “என்னம்மா, அந்த மீட்கற விஷயம், பாதியில அப்படியே நிக்குதாம், ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலியாம். என்ன சொல்லட்டும்?”

எனக்கு உடனே தெரியும். இரண்டாவது டேப்பைப் போடும் நேரத்தில் கருவி எந்தச் செய்தியும் காட்டாமல் எண்டர் விசைக்காகக் காத்திருக்கும். பார்ப்பவருக்கு உறைந்துபோன மாதிரி இருக்கும். நிறுத்தவே கூடாது, டேப்பை மாற்றி எண்டர் தட்டினால் போதும். குறைகள் பகுதியில் முதல் குறையே அதுதான்.

“மேன் பேஜ்ல இருக்குங்க சார்” என்றேன்.

“அது சரி, சுருக்கமா சொல்லேன்.”

“நீங்க எழுதுனதுதானுங்க சார். பாருங்க, இருக்கும்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். மறுபடி கிரைண்டர் சத்தத்துக்குப் போனபோது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன் என்று கணவர் பிற்பாடு சொன்னார்.

அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று ஆபரேட்டரிடம் சொன்னார். ஆரம்பித்தார்கள், அதே இடத்தில் மறுபடி நின்றது, மறுபடி நிறுத்தச் சொன்னார். அரை நாள் போயிற்று. கடைசியில் ஆபரேட்டரே பக்கத்தைத் திறந்து படித்து எண்டரைத் தட்டியிருக்கிறார். திங்கட்கிழமை மேலாளருக்கு மெயில் வந்தது. கோபமான மெயில்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டிருந்தார்கள். நிறுத்தக் கூடாது என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், போனில் நிறுத்தச் சொல்கிறீர்கள், இரண்டில் எது சரி?

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல், “டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் சார்” என்றார்.

இரண்டாவது தடவை. முதல் தடவை வாயடைத்துப்போய் நின்றேன். இந்தத் தடவை வாய் தயாராக இருந்தது. “இல்லைங்க சார். அவர் எழுதினது ஒரு எழுத்து மாறாம அப்படியேதான் இருக்கு” என்று மேலாளரிடம் இந்தியில் சொன்னேன். நான் சொன்னதை அவர் மறுத்தால் எழுதியது அவர் இல்லை என்றாகும். ஒப்புக்கொண்டால், தான் எழுதியதே தனக்குத் தெரியவில்லை என்றாகும். அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இருக்கைக்குத் திரும்பி வந்து, அந்தப் பக்கத்தின் மூலக் கோப்பைத் திறந்தேன். மேன் காட்டும் பக்கத்தை அல்ல, நான் எழுதிய கோப்பை. கையேட்டுப் பக்கத்தை எழுதும்போது புள்ளி வைத்து ஒருவிதமாகத் தொடங்கும் வரிகள் திரையில் வராது. எழுதுகிறவர்கள் தங்களுக்கான குறிப்புகளை அப்படி வைத்துக்கொள்வது வழக்கம். கோப்பின் தலையில் நானும் வைத்திருந்தேன். எழுதியது யார், எப்போது எந்த வரியை மாற்றினேன் என்று மழைக்காலம் முழுக்க நான் செய்ததெல்லாம் என் பெயரோடு அங்கே அப்படியே இருந்தது. அவர் நேரே கோப்பின் அடிக்குப் போய் ஒரு வரியை மாற்றிவிட்டு வெளியே வந்திருக்கிறார். மேலே பார்க்கவே இல்லை. தான் திருடுகிற பக்கத்தைக்கூட அந்த மனிதர் படிக்கவில்லை.

இதை அப்படியே மேலாளரிடம் காட்டினால் போதும், என் பெயர் எனக்கு வந்துவிடும். எழுந்துவிட்டேன். நாலு எட்டு வைத்துவிட்டு நின்றேன். காட்டினால் என்ன நடக்கும்? மேலாளர் வருத்தப்படுவார். டீம்வொர்க் என்று ஒரு பேச்சு நடக்கும். தலைவர் சங்கடமாக ஒரு சிரிப்புச் சிரித்து, டீமாக எழுதினது என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே என்பார். கீழே பெயர் மாறும். நம்பரும் மாறும், ஞாயிற்றுக்கிழமை போன்கள் பாணேரை விட்டு தேஹு ரோட்டுக்கு வரும். அவர் தன் ஃபிளாட்டில் கால் நீட்டித் தூங்குவார். இவ்வளவு பெரிய அநியாயத்துக்கு ஒரு அசட்டுச் சிரிப்போடு ஆள் தப்பித்துவிடுவார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் பெயர் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். ஒரு இயந்திரத்தில் அழித்துவிட்டு, எல்லா இயந்திரங்களிலும் அழித்தேன். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பவளுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இனி அது முழுக்க முழுக்க அவருடையது.

அந்த வாரமே ஜெர்மனியிலிருந்து இன்னொரு வேண்டுகோள் வந்தது. எல்லாக் கிடங்குகளின் ஆபரேட்டர்களும் கான்ஃபரன்ஸ் காலில் உட்காருவார்கள், பக்கத்தை ஆக்கியவரே வரிக்கு வரி விளக்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மேலாளர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

அன்று மத்தியானம் தலைவர் என் மேசைக்கு வந்தார். பின்னால் வந்து நிற்காமல், முன்னால் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. “என்னம்மா, உன் பேரையே போட்டுடறேன். கிளாஸ நீயே எடுத்துடு. என்ன?”

“எதுக்குங்க சார்? உங்க பேரே இருக்கட்டும்.”

“கோவத்துல பேசாதேம்மா. நாம ரெண்டு பேரும் ஒரே ஊரு.”

“கோயம்புத்தூருங்க சார், நானு” என்றேன்.

அவர் எழுந்து நேரே மேலாளர் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், அவர் நின்றுகொண்டிருந்தார். அதை நான் எழுதவில்லை சார், அந்தப் பெண்தான் எழுதினார் என்று அதற்குள் சொல்லிவிட்டிருந்தார். நான் அவரோடு வேலை பார்த்த காலத்தில் அவர் சொன்ன ஒரே முழு உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. கிளாஸ் எடுக்கப் பயந்து நழுவுகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. குழுவில் மற்ற இருவரும் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள், அவர்கள் சொல்வது செல்லாது, எழுத்தில் ஆதாரம் என்ன என்று கேட்டார். எழுதுகிறவர்கள் கோப்பின் தலையில் திரையில் வராத குறிப்பு வைப்பார்கள், இவரும் வைத்திருப்பார் என்றார் தலைவர். எங்கே கற்றுக்கொண்டாரோ, பயம் கற்றுக்கொடுத்திருக்கிறது. கோப்பைத் திறந்தார்கள். தலையில் ஒன்றும் இல்லை. அவர் விடவில்லை. பழைய டேப்பை எடுத்துப் பார்க்கலாம் சார், முதலில் எழுதின பக்கம் அதில் இருக்கும், அடியில் இவர் பெயர்தான் இருந்தது என்றார்.

மேலாளர் அந்தப் பக்கத்தையே திரையில் கொண்டுவரச் சொல்லி மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தார். குறைகள் பகுதிக்கு வந்ததும் நின்றார். கையேட்டுப் பக்கங்கள் இந்தக் கருவி எடுக்கும் டேப்பில் சேர்வதில்லை, அவற்றைத் தனியாக நகலெடுத்து வைத்துக்கொள்ளவும் என்று அங்கே எழுதியிருந்தது. அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, தலைவரை ஏறிட்டுப் பார்த்து, “நீங்களே எழுதியிருக்கிறீர்களே” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கனிவாகத்தான் கேட்டார். “நீங்கள் சொல்லுங்கள். இதை நீங்களா எழுதினீர்கள்?”

அந்தப் பக்கம் எதிரில் திரையில் இருந்தது. நான் அடித்து அடித்து எழுதிய வரிகள். அதைவிட நல்ல பக்கம் ஒன்றை நான் அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதப்போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதன் அடியில் ஒரு வரி. இதோ கேட்கிறார்கள், ஆமாம் என்றால் போதும். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிடும்மா என்று உதடு மட்டும் அசைந்தது.

“இல்லைங்க சார்” என்றேன். “நான் டைப் மட்டும்தான் அடிச்சேன்.”